மைல் கணக்கு

கணக்கர் ஞானாபரணம் ஐயாவுக்கு, நர்ஸ் தொர்க்காள் எழுதுவது.
அக்டோபர் மாதத்து மைல் கேட்டிருந்தீர்கள்.
வண்டி உருண்ட மைலுக்கே பருத்திக்கொட்டைக் காசு,
நாங்கள் நடந்ததற்குக் கிடையாது என்றும்.
சரி.

குடியாத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து மோர்தானா: பன்னிரண்டு.
போட்டுக்கொள்ளுங்கள்.
அங்கே பாதை முடிந்தது.
முனிரத்தினம் மாட்டை அவிழ்த்துக் கட்டி
நெருப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டான்.
இதற்குமேல் வரமாட்டேன் என்றான்.
மாடும் அதையே சொன்னது.

எங்களைக் கூப்பிட வந்தவன் ஓபுலேசு.
மலையிலிருந்து ஒரே ஓட்டம்.
கையில் அணைந்த பந்தம், காலில் ஒற்றைச் செருப்பு.
மற்றது கரடிக்கு என்றான், சிரிக்காமல்.
மூணு நாளா நொப்பி, மூணு நாளா நொப்பி,
அதற்குமேல் அவனிடம் வார்த்தை இல்லை.

கவுண்டின்யா ஆற்றில் மார்பளவு தண்ணீர்.
மிஸ் ஹுல்டா பூட்ஸைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி
சங்கீதம் ஒன்றைத் தன் ஊர்ப் பாஷையில் முனகியபடி இறங்கினார்.
பெட்டி ஓபுலேசின் தலையில்:
கார்பாலிக், கத்தரி, வேகவைத்த துணி, எர்காட் சீசா,
வேதபுத்தகம்.
நடு ஆற்றில் அவன் கால் சறுக்கியது.
"ஒன்று போகத்தான் வேண்டுமென்றால்
புத்தகம் போகட்டும், சீசாவைப் பிடி!"
இந்த வரியைப் பாதிரியாரிடம் காட்டவேண்டாம்.
இரண்டும் கரையேறின.

பிறகு நாலு மைல், அல்லது ஏழு.
உச்சியில் ஒரு ஜில்லாக் கல் இருக்கிறது,
இந்த முகத்தில் வட ஆற்காடு, அந்த முகத்தில் சித்தூர்.
அதன்மேல் மிஸ்ஸம்மாவை உட்கார்த்தி முள் எடுத்தேன்.
வட ஆற்காட்டுக் காலில் மூன்று.
சித்தூர்க் காலில் எண்ணவில்லை.

குடிசைக்குள் புகை, ஆறு பெண்கள், நடுவில் நாகுலம்மா.
நான் அவள் முதுகைத் தாங்கி
"முக்கு தாயே, முக்கு" என்றேன்.
ஆறு பேரும் "முக்கு! முக்கு!" என்றார்கள்.
அந்த ஒரு சொல்லுக்கு எல்லைக்கல் இல்லை.
மிஸ்ஸம்மா தெலுங்கைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்.
அதில் முக்கு என்றால் மூக்கு.
கையைக் கழுவிக்கொண்டே திரும்பி
"முக்குக்கி ஏமைந்தி?" என்று கேட்டார், மிகுந்த கவலையோடு.
வலியின் நடுவில் நாகுலம்மாவே சிரித்துவிட்டாள்.
அந்தச் சிரிப்பில் வந்தது முதல் பிள்ளை.

அது அழவில்லை.
வெந்நீர், தண்ணீர், வெந்நீர்.
மிஸ்ஸம்மா அதன் வாயில் வாய் வைத்து ஊதினார்,
விளக்கில் எண்ணெய் ஒரு விரல் இறங்கும்வரை.
பிறகு துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு
தாயின் வயிற்றில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.
"இன்னொன்று இருக்கிறது. குறுக்கே."

அந்தக் கை உள்ளே என்ன செய்தது என்று எழுத எனக்குத் தெரியாது.
நான் லாந்தர் பிடித்தேன்.
ஒரு கையில் லாந்தர், மறு கையில் அந்தத் துணி,
கீழே வைக்க மனம் வரவில்லை, இடமும் இல்லை.
இரண்டாவது கத்திக்கொண்டே வந்தது,
எங்கள் எல்லோர்மீதும் புகார் இருப்பதுபோல.

விடியும்போது ஓபுலேசு கடப்பாரையோடு கிளம்பி
கல்லுக்கு இந்தப் புறம் மண் இளகிய இடம் பார்த்தான்.
பிறந்தது சித்தூரில், புதைத்தது வட ஆற்காட்டில்.
உங்கள் பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், அழிக்காதீர்கள்.

கட்டணம்: பூசணிக்காய், ஒன்று.
ஆற்றில் அதை மிஸ்ஸம்மாவே தலையில் சுமந்தார்.

மோர்தானாவில் முனிரத்தினம் தூங்கிக்கொண்டிருந்தான்.
அவன் பக்கத்தில் குந்தியிருந்தான் வேறொருவன்,
கையில் பந்தம், இரண்டு காலிலும் செருப்பில்லை.
ஊர் எங்கே என்றேன்.
நாங்கள் இறங்கி வந்த மலையை மோவாயால் காட்டி
அதற்குப் பின்னால் இருந்ததையும் காட்டினான்.
மிஸ்ஸம்மா பூட்ஸை மறுபடி கயிற்றில் கோத்தார்.

அந்த மைல் அடுத்த மாதக் கணக்கில்.
பூசணி இத்துடன் வருகிறது.
பாதியை மாட்டுக்குப் போடுங்கள்.